மாதம் எவ்வளவு ஓடும்?

ஸ்ரீபெரும்புதூர் கார் ஷோரூமில் விற்பனைக்காரன் சுபாஷ் கேட்டது ஒரே கேள்விதான். மாதத்துக்கு வண்டி எவ்வளவு ஓடும்? அதைச் சொல்லிவிட்டால் பெட்ரோல் வாங்குவதா டீசல் வாங்குவதா என்பதைத் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னான். நிறம், பாட்டுப் பெட்டி, இருக்கை உறை எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த கொம்பையா இதற்கு மட்டும் கண்ணாடிக்கு வெளியே நெடுஞ்சாலையைப் பார்த்தான்.

"ஊருக்குப் போனா ஓடும்" என்றான்.

"ஊரு எங்க சார்?"

"சங்கரன்கோவில் பக்கம்."

"போய்ட்டு வந்தாலே ஆயிரத்துக்கு மேல வருமே. மாசத்துல எத்தன வாட்டி போவீங்க?"

அதுதான் அவனுக்குத் தெரியவில்லை. இப்போது மாதத்துக்கு ஒரு முறை போவதே பெரிய பாடு. ரயிலில் இடம் கிடைப்பதில்லை. பெருங்களத்தூரில் நின்று பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தால், குளித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. கார் இருந்தால் நிறையப் போகலாம் என்று நினைத்துத்தான் இங்கே வந்திருந்தான்.

சுபாஷ் விளக்கினான். ஒரே வண்டிதான், ஆனால் டீசல் இன்ஜின் வைத்தது ஒரு லட்சம் கூட. நிறைய ஓட்டினால்தான், அதுவும் நாலைந்து வருடம் விடாமல் ஓட்டினால்தான், கூடுதலாகக் கொடுத்தது கைக்குத் திரும்பும். வீட்டுக்கும் கம்பெனிக்கும் மட்டும் என்றால் பெட்ரோலே போதும்.

அது 2012ஆம் ஆண்டின் தொடக்கம். பெட்ரோல் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது, டீசல் நாற்பத்துச் சொச்சத்தில் நின்றது. ஒரகடம் சாலையில் எந்த டீக்கடையில் நின்றாலும் இந்தப் பேச்சுதான். பெட்ரோல் கார்கள் ஷோரூம்களின் பின்புறம் தூசி படிந்து நின்றன. டீசலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

கொம்பையா அந்தக் காரைச் செய்கிற தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தான். மேலே தொங்கிக்கொண்டு வரும் காரின் உடம்பும் கீழே தள்ளுவண்டியில் வரும் இன்ஜினும் ஒன்றுசேரும் இடத்தில் அவனுக்கு வேலை. உடம்பு மெதுவாக இறங்கும். இவன் அடியில் நின்று போல்ட்டுகளை முடுக்குவான். டீசல் இன்ஜின் வரும்போது அதை மேலே ஏற்றும் தூக்கியின் சத்தமே கொஞ்சம் கனத்துவிடும், பார்க்காமலே சொல்லிவிடுவான். லைனில் அந்த இடத்துக்கு 'மேரேஜ்' என்று பெயர். யார் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அறையில் உடன் தங்கியிருந்த தூத்துக்குடிக்காரன் நம்பிராஜன் அதை விடுவதே இல்லை.

"ஊருல உள்ள வண்டிக்கெல்லாம் கல்யாணம் பண்ணி வைக்கான்வே. இவன் பொண்டாட்டி அறுநூறு கிலோமீட்டருக்கு அங்கிட்டு இருக்கா."

அவன் மனைவி பூமாரி சங்கரன்கோவிலுக்கு வெளியே ஒரு கிராமத்தில் அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியை. சொந்த மாவட்டத்தில் வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு; அவளுக்குக் கிடைத்திருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அங்கே, இவன் இங்கே.

ஒரே ஒரு முறை, சென்ற ஆண்டு மே விடுமுறையில், அவன் தங்கியிருந்த எழிச்சூருக்கு அவள் வந்து ஒரு மாதம் இருந்தாள். நம்பிராஜன் அந்த மாதம் வேறு அறைக்குப் போய்க்கொண்டான். எல்லப்பன் தன் வீட்டுக்குப் பக்கத்தில் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த அறைகளில் அது ஒன்று. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. குழாயில் உப்புத் தண்ணீர். கன்டெய்னர் லாரிகள் போகும்போது தட்டுகள் அதிரும். பாதி மாதம் அவனுக்கு இரவு ஷிப்ட். பகலில் அவன் தூங்க வேண்டுமென்று அவள் கதவைச் சாத்திவிட்டு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். செங்கல்பட்டில் ரயில் ஏற்றிவிட்டபோது அவள் அழுதாள். இனி இவளை இந்த வெயிலுக்கு வா என்று கூப்பிடக் கூடாது என்று அந்தப் பிளாட்பாரத்திலேயே அவன் முடிவு செய்தான். அதை அவளிடம் சொல்லவில்லை.

யோசனை கேட்க அவனுக்கு எல்லப்பனைத் தவிர ஆள் இல்லை. நிலத்தை விற்று அறைகளைக் கட்டியவர், மிச்சத்தில் இரண்டு டீசல் வண்டி வாங்கிக் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்க விட்டிருந்தார்.

"டீசல் எடுபா. பெட்ரோல் வண்டி இன்னாத்துக்கு? வாசல்ல நிறுத்தி வெச்சி தொடச்சிகினு இருக்கத்தான் லாயக்கு."

கொம்பையா டீசலுக்கு முன்பணம் கட்டினான். ஆடி பிறந்துதான் வண்டி வரும் என்றார்கள். ஷிப்டுக்கு ஷிப்ட் டீசல் இன்ஜின்களைத் தன் கையால் ஏற்றி அனுப்புகிறவனுக்கு அதில் ஒன்று வந்துசேர அவ்வளவு காலம். அதை நினைத்து அவனுக்கே சிரிப்பு வந்தது.

பூமாரிக்குப் போன் செய்ய எல்லப்பன் வீட்டு மொட்டைமாடிக்குப் போனான். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். இனி ரயிலும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம், ஷிப்ட் முடிந்ததும் ஏறி உட்கார்ந்தால் நேராக உன் வாசல்தான் என்று சொன்னான். வாராவாரம் வருவதாகச் சொன்னான். அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் ஏன் டீசல் என்று கேட்டாள். சுபாஷ் சொன்ன கணக்கை, தானே கண்டுபிடித்ததுபோல, முழுதும் ஒப்பித்தான்.

"நாலஞ்சு வருசம் விடாம ஓட்டுனாத்தான் கட்டும்னு சொல்லுதிய."

"ஆமா."

"அப்ப இன்னும் நாலஞ்சு வருசத்துக்கு நான் இங்க, நீங்க அங்க. அப்படித்தான?"

அடுப்பில் பால் இருக்கிறது என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் பேச்சு சுருங்கிப்போனது. சாப்பிட்டீர்களா, சாப்பிட்டேன், வெயில் எப்படி, அப்படித்தான். கோபம் என்று சொல்ல முடியாது. மாணவர்களைப் பற்றி அவள் சொல்வது நின்றுபோனது. தூரத்தை ஓட்டிக் கடக்க வேண்டிய ஒன்றாக மட்டுமே அவன் இதுவரை நினைத்திருந்தான். அந்தத் தூரமே இல்லாமல் ஆகிவிடலாம் என்று அவள் நினைத்திருக்கிறாள் என்பது, லைனில் இன்ஜின்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த ஒரு மத்தியானத்தில்தான் அவனுக்கு உறைத்தது.

மே மாதக் கடைசியில் அவளே பேச்சை எடுத்தாள். உடன் வேலை பார்க்கும் டீச்சர் இடமாறுதல் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போடுகிறாளாம். நீ போடவில்லையா என்று கேட்டான்.

"கூப்பிட்டாத்தான போடணும்."

"போன வருசம் நீ இங்க பட்ட பாட்டைப் பாத்துட்டு எப்படிக் கூப்பிடுவேன்?"

"என்ன பாடு?" அவள் குரல் நிதானமாகத்தான் இருந்தது. "நீங்க தூங்குவிய. நான் வெளிய உக்காந்துருப்பேன். கதவுக்கு அங்கிட்டு நீங்க இருக்கியன்னு தெரியும். அந்த ஒரு மாசத்தைத்தான் வருசம் பூரா நெனச்சிட்டு இருக்கேன்."

வடக்கே வந்துவிட்டால் மறுபடி சொந்த மாவட்டம் கிடைப்பது கஷ்டம் என்று அவன் சொன்னான். தெரியும் என்றாள். உப்புத் தண்ணீர் என்றான். அதுவும் தெரியும் என்றாள். வா என்ற ஒரு சொல் மட்டும் அவனுக்கு வாயில் வரவில்லை.

அந்த வாரம்தான் பெட்ரோல் ஒரே இரவில் ஏழு ரூபாய்க்கு மேல் ஏறியது. பெட்ரோல் பங்க்குகளில் வரிசை சாலைவரை நீண்டது. வார விடுமுறையில் கொம்பையா ஷோரூமுக்குப் போனபோது, பெட்ரோல் பதிவை ரத்து செய்ய வந்தவர்கள் சுபாஷைச் சூழ்ந்திருந்தார்கள். தன் முறை வந்ததும் டீசலைப் பெட்ரோலாக மாற்றித் தரச் சொன்னான். சுபாஷ் அவனைத் தனியாகக் கூட்டிப்போய் உட்கார வைத்தான்.

"சார், ஊரே டீசலுக்கு ஓடுது. நீங்க இப்பப் போய் பெட்ரோல் கேக்கறீங்க."

"மாசம் எவ்வளவு ஓடும்னு கேட்டீங்கல்லா. கொஞ்சமாத்தான் ஓடும்."

"ஊருக்குப் போகணும்னீங்களே?"

"வீட்ல இங்க வாராங்க."

சுபாஷ் பதிவுப் படிவத்தை எடுத்து மாற்றி எழுதினான். பெட்ரோல் வண்டி பின்புறம் தயாராக நின்றது. தூசியைக் கழுவினால் போதும். அங்கிருந்தே கொம்பையா பூமாரிக்குப் போன் செய்து, பெட்ரோலுக்கு மாற்றிவிட்டதாக மட்டும் சொன்னான்.

"நாளைக்கே விண்ணப்பத்தைக் குடுத்துருதேன்" என்றாள்.

வண்டி வந்த அன்று எல்லப்பன் அதைச் சுற்றிவந்து தலையில் அடித்துக்கொண்டார். "விலை ஏறிகினு போற நேரத்துல பெட்ரோல் வாங்கினு வந்து நிக்கிற. உன் கணக்கு தலைகீழா கீதேபா."

அவர் மனைவி மரகதம் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பொண்ணு வரப்போவுது. உனக்கு இன்னா தெரியும், உன் டீசலத் தவிர" என்றாள். மூலையில் சமையல்கட்டுடன் காலியாக இருந்த பெரிய போர்ஷனுக்கு அந்த வாரம் ஆள் வந்து கேட்டபோது, வேறு ஆளுக்குச் சொல்லியாகிவிட்டது என்று அவளே திருப்பி அனுப்பினாள்.

விடுமுறை நாட்களில் கொம்பையா பள்ளிக்கூடங்களைப் பார்க்கப் போனான். வாலாஜாபாத் சாலையில் போய், பலகை தெரிகிற இடத்தில் நிறுத்துவான். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிகள் பூட்டியிருக்கும். மதில் வழியே எட்டிப் பார்த்து, தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா, கழிவறைக்குக் கதவு இருக்கிறதா, பஸ் எங்கே நிற்கிறது என்று கவனித்துக்கொண்டு திரும்புவான். ஒரு தடவை வேலி ஓரம் மாடு கட்டிக்கொண்டிருந்தவர், பிள்ளையைச் சேர்க்கவா என்று கேட்டார். டீச்சரைச் சேர்க்க என்று சொல்லிவிட்டு, வெட்கப்பட்டுக் கிளம்பிவந்தான். சின்னச் சின்னத் தூரங்கள். பெட்ரோல் வண்டிக்குச் சொல்லப்பட்ட தூரங்கள்.

பூமாரி குள்ளம். இடப்பக்க இருக்கையை அவளுக்குத் தோதாக முன்னால் இழுத்து வைத்திருந்தான். நம்பிராஜன் ஏறும்போதெல்லாம் முழங்கால் இடிக்கிறது என்று திட்டிக்கொண்டு பின்னுக்குத் தள்ளுவான். அவன் இறங்கியதும் கொம்பையா மறுபடி முன்னால் இழுத்துவிடுவான்.

கலந்தாய்வு நடந்த நாளில் அவனுக்குப் பகல் ஷிப்ட். லைனுக்குப் போன் கொண்டுபோக முடியாது. அன்று வந்த இன்ஜின்களில் எது பெட்ரோல், எது டீசல் என்று அவன் காது பிரித்துக் கேட்கவில்லை. ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்து, கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவளை அழைத்தான்.

"காஞ்சிபுரத்துல இருந்த இடமெல்லாம் என் முறை வருததுக்குள்ள போயிருச்சு. எல்லாரு வீட்டுக்காரரும் அங்கதான வேலை பாக்காங்க. கிருஷ்ணகிரி இருக்கு, வேணுமான்னு கேட்டாங்க. அங்கயும் நீங்க இல்ல. வேண்டாம்னுட்டேன்."

அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றான். பார்க்கலாம் என்றாள். வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டாள். நன்றாக ஓடுகிறது என்றான்.

அந்த மாதமே இரண்டு நாள் லீவு எடுத்துக்கொண்டு தெற்கே கிளம்பினான். எல்லப்பன் வாய் திறப்பதற்குள் மரகதம் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டாள். சிங்கப்பெருமாள் கோவிலில் நெடுஞ்சாலை ஏறி, விழுப்புரம், திருச்சி என்று ஓட்டினான். டீசல் டாக்சிகள் அவனைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. மதுரைக்கு முன்னால் பெட்ரோல் முள் கால்வாசிக்கு வந்துவிட்டது.

திரும்பும் நாளில் பூமாரி தானும் கொஞ்ச தூரம் வருவதாகச் சொன்னாள். கோவில்பட்டி சாலையில் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது, அதுவரை வந்துவிட்டு டவுன் பஸ்ஸில் திரும்பிக்கொள்கிறேன் என்றாள். காரில் ஏறி உட்கார்ந்தவள் கீழே குனிந்து கால் வைத்த இடத்தைப் பார்த்தாள்.

"வந்த அன்னைக்கே கேக்கணும்னு நெனச்சேன். இதுல இதுக்கு முன்ன யாரு உக்காந்தா? சரியா எனக்கு வெச்சாப்புல இருக்கு."

"யாரும் உக்காரல" என்றான் கொம்பையா.

பங்க்கில் குழாயைக் கையில் எடுத்த ஆள், பெட்ரோலா டீசலா என்று கேட்டான். கொம்பையா சொல்வதற்குள் பூமாரி இந்தப் பக்கம் சாய்ந்து, பெட்ரோல் என்றாள். அந்த ஆள் நம்பர் பலகையைப் பார்த்தான்.

"காஞ்சிபுரம் வண்டியா? அவ்வளவு தூரம் வந்து போறதுக்கு டீசல்ல எடுத்துருக்கலாம்லா. கட்டாதேண்ணே."

"இது அங்கயே ஓடுத வண்டி" என்றாள் பூமாரி. "இப்பம் சும்மா வந்துருக்கு."

நிரப்பிய பிறகு சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தினான். எதிர்ப்புறம் பஸ் நிறுத்தம். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பஸ் வந்தது; கூட்டமாக இருக்கிறது என்றாள். அடுத்து வந்ததில் உட்காரவே இடம் இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அது கிளம்பிப் போயிற்று.

கொம்பையா சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தான்.