ஏழாம் கேமராவின் ஒழுங்கீனம்

பன்னிரண்டு கேமராக்களில் பதினொன்று ஒரே பேச்சாகப் பேசின. ஏழாவது மட்டும் வேறு பேச்சு பேசியது. வித்தியாசம் என்னவோ இரண்டரை மில்லிமீட்டர்தான், ஒரு தீக்குச்சியின் பருமன். ஆனால் அந்தக் கூடத்தில் அரை மில்லிமீட்டருக்கே ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள்.

கோல்காரி மூன்றாவது தடவையாகக் கோலைக் கீழே வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். பதினொரு பச்சை, ஒரு சிவப்பு.

கோல்காரி என்பது அவள் பெயர் இல்லை, வேலை அப்படி. அங்கே நடிகர்கள் உடம்பெல்லாம் சாம்பல் நிறப் பந்துகளை ஒட்டிக்கொண்டு ஓடுவார்கள், குதிப்பார்கள், சுடப்பட்டு விழுவார்கள். கேமராக்களுக்கு ஆள் கண்ணில் படாது, பந்துதான் படும். பன்னிரண்டு பார்வையையும் கூட்டிச் சேர்த்து, அந்த அசைவைக் கணினி ஒரு பொம்மைக்குக் கொடுக்கும். அதற்கு முன்னால், தான் எங்கே இருக்கிறோம், எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்று ஒவ்வொரு கேமராவுக்கும் தெரிந்தாக வேண்டும். தெரியவைப்பது இவள் பொறுப்பு. ஐந்து பந்து பதித்த ஒரு கோலை ஈ ஓட்டுவதுபோல வீசிக்கொண்டு மூலை முடுக்கு விடாமல் நடப்பாள். கேமராக்கள் கோலைப் பார்த்துத் தங்கள் இடத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளும். வெளியாள் யாராவது பார்த்தால், இந்தப் பெண்ணுக்கு வீட்டில் யாரும் இல்லையா, வைத்தியம் பார்க்கக் கூடாதா என்றுதான் கேட்பார்கள்.

ஏழாவது ஏன் முரண்டு பிடிக்கிறது என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. பதினொரு கேமராக்கள் விட்டத்திலிருந்து தொங்கும் ஒரே இரும்புச் சட்டத்தில் இருந்தன. அதில் இடம் போதாமல் ஏழாவதை மட்டும் நடுத்தூணில் திருகியிருந்தார்கள். போன வாரம் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. நாளை மறுநாள் வீடியோ கேம் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள் என்றதும், முதலாளி தன் படம் போட்ட பேனர் ஒன்றைச் செய்து வரவழைத்தார். பத்தடி அகலத்தில் கைகூப்பிச் சிரிக்கும் முதலாளி. அதைக் கொண்டுபோய் அந்தச் சட்டத்தில் கட்டினார்கள். குளிர்சாதனக் காற்று பட்டதும் முதலாளி வயிறு உப்பினார், காற்று நின்றதும் ஒட்டினார். அவரோடு சட்டமும் மெல்ல ஆடியது. சட்டம் ஆடினால் பதினொரு கேமராக்களும் சேர்ந்து ஆடுகின்றன. எல்லாம் சேர்ந்து ஆடும்போது ஆட்டம் யாருக்குத் தெரியும்? அசையாமல் இருந்த பாவத்துக்கு ஏழாவது தனியாக மாட்டிக்கொண்டது.

சாப்பாட்டு நேரத்தில் குளிர்சாதனத்தைப் பத்து நிமிடம் நிறுத்தி, பேனர் அடங்கியதும் கோலை வீசிப் பார்த்திருந்தாள். பன்னிரண்டும் பச்சை. ஆக, அவளுக்குச் சந்தேகமே இல்லை. பேனரைக் கழற்றச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொல்லத்தான் வாய் வரவில்லை.

அவள் தற்காலிக ஊழியர். ஆறு மாதம் முடிந்துவிட்டது. நிரந்தர உத்தரவு தட்டச்சாகி, கையெழுத்தும் ஆகி, ஒரு பழுப்பு உறையில் இருந்தது. நிரந்தரமானவர்களுக்குக் கூடத்தின் மேல்மாடியில் குடியிருப்பு உண்டு. இரண்டு அறை, ஜன்னல் வைத்த ஒரு சமையலறை. சாவியும் அதே உறையில்தான். கல்யாணமாகி இரண்டு வருடமாகப் புருஷன் ஒரு ஊர், இவள் ஒரு ஊர். அவன் அந்த வேலையை விட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டி வைத்திருந்தான். தினமும் போன் செய்து, சமையலறை ஜன்னல் எந்தத் திசை என்று கேட்பான்.

திரையில் சிவப்பைப் பார்த்த முதலாளி ரூல்ஸ் சாரைக் கூப்பிட்டார். ரூல்ஸ் சார் ஊழியர் பிரிவு அதிகாரி. முன்னால் வேறொரு பெரிய அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் துறை விசாரணைகள் நடத்தியவர். இங்கே பன்னிரண்டு பேர்தான் ஊழியர்கள், ஒருவரும் தப்புத்தண்டா செய்யவில்லை. மனிதர் கை அரித்துப்போய் இருந்தார். பதினொரு பேர் சொல்வதற்கு மாறாக ஒரு ஆள் சொன்னால் அதற்கு என்ன பெயர் என்று முதலாளி கேட்டார். ஒழுங்கீனம் என்றார் ரூல்ஸ் சார், கண்ணில் ஒளியோடு.

அன்று பிற்பகலே விசாரணை. மூன்று நாற்காலி, ஒரு மேசை, தட்டுவதற்கு ஒரு மணி. குற்றப்பத்திரிகையை ரூல்ஸ் சார் எழுந்து நின்று தூணைப் பார்த்து வாசித்தார். பதில் சொல்ல மூன்று நாள் தருவது வழக்கம் என்றும், அவசரம் கருதி மூன்று நிமிடம் தரப்படுகிறது என்றும் அறிவித்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மூன்று நிமிடமும் நின்றார். ஏழாவது கேமரா தன் சிவப்பு விளக்கோடு சும்மா இருந்தது. சாட்சி சொல்ல வந்த வாசல் காவலாளி, அது வந்த நாளிலிருந்தே தன்னை முறைப்பதாகச் சொன்னார். மற்ற பதினொன்றும் முறைக்கவில்லையா என்று யாரும் கேட்கவில்லை.

விதிப்படி, குற்றம் சாட்டப்பட்டவருக்காகப் பேச ஒரு சக ஊழியர் வேண்டும். கோல்காரியை நிறுத்தினார்கள்.

"ஏழாம் எண் தரப்புல ஏதாவது சொல்லணுமாம்மா?"

அவள் பேனரைப் பார்த்தாள். ரூல்ஸ் சாரின் முழங்கைக்கடியில் பழுப்பு உறை இருந்தது. ஒரு ஓரத்தில் சாவி புடைத்துத் தெரிந்தது.

"ஒண்ணும் இல்ல, சார்."

குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பதிவானது. வேலை நீக்கம்தான் சரி என்றார் ரூல்ஸ் சார். முதலாளி இளகிய மனசுக்காரர். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும், நாலு நல்லவங்களோட இருந்தா தானா திருந்திடும் என்று சொல்லி, ஏழாவதைத் தூணிலிருந்து கழற்றிச் சட்டத்தில் மற்றவற்றுக்கு நடுவே நெருக்கி மாட்டச் சொன்னார். கழற்றியவள் அவள்தான். நான்கு திருகாணி. அவற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு கேமராவிடம் போய் வெட்கப்படுவதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் வெட்கம் போகவில்லை.

அதன் பிறகு கோலை வீசினால், பன்னிரண்டும் பச்சை. முதலாளி கை தட்டினார், எல்லோரும் கை தட்டினார்கள். உத்தரவு நாளை மதியம் ஒரு மணிக்கு உன் கையில் என்றார் ரூல்ஸ் சார். ஜன்னல் கிழக்கு என்று அவள் புருஷனிடம் சொன்னாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கெல்லாம் அடுத்த வம்பு வந்து நின்றது. தூணில் ஒரு சாட்சிப் பந்து ஒட்டியிருக்கும். எல்லாம் அசையாமல் இருக்கிறதா என்று தினமும் பார்ப்பதற்காக அவள்தான் ஒட்டியிருந்தாள். திரையைப் பெரிதாக்கினால் அந்தப் பந்து தொட்டில்போல ஆடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் இரண்டரை, அந்தப் பக்கம் இரண்டரை. பன்னிரண்டு கேமராக்களும் ஒருமித்த குரலில், ஒரு துளி கருத்து வேற்றுமை இல்லாமல், தூண் ஆடுகிறது என்றன.

முதலாளி பின்னாலேயே நின்றிருந்தார்.

"பாத்தியா, அந்தக் கேமராவைக் கெடுத்ததே இதுதான்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அது பழமொழி. அந்த ஆட்டக்காரி கூடத்தைக் குறை சொன்னதோடு நிறுத்திக்கொண்டாள், கூடத்துக்குக் கடிதம் அனுப்பவில்லை. ரூல்ஸ் சார் தூணுக்கு அனுப்பினார். பணி நேரத்தில் அசைந்ததற்காக உங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது, பன்னிரண்டு மணிக்குள் விளக்கம் தரவும். பெற்றுக்கொள்ள மறுப்பவர்களுக்கு இருப்பிடத்தில் ஒட்டுவதே முறை என்பதால், பசை தடவித் தூணிலேயே ஒட்டினார்.

விளக்கம் எப்படியும் வராது என்று முதலாளிக்குத் தெரியும். தூணை இடிக்கப் பத்தரைக்கே கொத்தனாரை வரவழைத்துவிட்டார். கொத்தனார் கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டுத் தூணைத் தட்டினார், அண்ணாந்து பார்த்தார். இதுக்கு மேல என்ன இருக்கு என்று கேட்டார். குடியிருப்பு என்றார் முதலாளி. ஆள் இருக்காங்களா? இன்னிக்குத்தான் வர்றாங்க என்று கோல்காரியைக் காட்டினார்.

கொத்தனார் அவளைப் பார்த்தார். கூலிக்கு வந்தவர், பன்னிரண்டு மணி ஆகட்டும் என்று ஓரமாக உட்கார்ந்தார். இரண்டு அறையும், கிழக்கு ஜன்னலும், சமையலறையும், பெட்டியோடு வருகிறவனும் எதன்மேல் நிற்கப்போகிறார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்றும் இல்லை சார், ஒன்றும் இல்லை சார் என்று எத்தனை நாளைக்கு அந்த வீட்டைத் தாங்கிப் பிடிக்க முடியும்?

பதினொன்றே முக்காலுக்கு அவள் தூணருகே போனாள். ஏழாவது இருந்த இடத்தில் நான்கு ஓட்டை. கையை வைத்தாள். சில்லென்று, கல் மாதிரி இருந்தது, ஒரு நூல்கூட அசையவில்லை. தூணோடு அணைத்தபடி ஒரு தாளை வைத்து எழுதினாள். நான் அசையவில்லை. ஏழாம் எண்ணும் அசையவில்லை. ஆடுவது பேனர், பேனரோடு சட்டம். பேனரைக் கழற்றிவிட்டுப் பார்க்கவும்.

ரூல்ஸ் சார் நேரம் குறித்து முத்திரை குத்தினார். கெடுவுக்குள் வந்த விளக்கம் என்பதால் முகத்தில் ஒரு மரியாதைகூடத் தெரிந்தது. அதன் பிறகுதான் படித்தார். படித்துவிட்டு முதலாளியின் அறைப் பக்கம் பார்த்தார்.

"இது தூண் சொல்றதாம்மா, நீ சொல்றதா?"

"தூணுக்கு ஏது சார் வாய்? நான்தான்."

"அப்ப உன் கையெழுத்து வேணுமே."

போட்டாள். கையெழுத்து கோணலாக விழுந்தது. விளக்கம் வந்துவிட்டால் பரிசீலிக்காமல் நடவடிக்கை கூடாது என்று ரூல்ஸ் சார் கொத்தனாரைத் திருப்பி அனுப்பினார். விதி அப்படி. பரிசீலனையில் இருக்கிறவருக்கு உத்தரவு தரக் கூடாது என்று பழுப்பு உறையை எடுத்து இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். அதுவும் விதிதான். பேனரைப் பற்றி முதலாளியிடம் யார் பேசுவது என்பதற்கு மட்டும் விதி எதுவும் இல்லை. தாளை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, போவதா வேண்டாமா என்று அந்த அறைக்கு வெளியே நின்றார்.

மேலே பேனரில் முதலாளி கைகூப்பிச் சிரித்து, வயிறு உப்பி, ஒட்டிக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. வண்டி எத்தனை மணிக்கு ஏறட்டும் என்று கேட்டான் புருஷன்.

"பெட்டியில இருக்கிற துணியை வெளிய எடுத்து வைங்க. கசங்கிடும்."

அவன் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"எல்லாத்தையுமா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். ரூல்ஸ் சார் கையை உயர்த்தி, முதலாளியின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"மேல இருக்கிறதை மட்டும்."