ஃபால்தா என்றால் குறை

அவள் வேலை பார்க்கும் வெளிநாட்டுச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். சூடு ஆறாமல் வெளியே வரும் விரிப்பின் இரண்டு முனைகளை அவள் பிடித்தால், எதிரே நிற்கும் ஸ்பானியத் தோழி மற்ற இரண்டையும் பிடிப்பாள். மூன்று வருஷமாக அப்படித்தான். அவளுக்கு ஸ்பானியம் தெரியாது, தோழிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் விரிப்பு மடிந்து மடிந்து இருவரும் நெருங்கும் நேரத்தில் ஆளுக்கொரு வார்த்தை கைமாறும். அவள் வீட்டுக்குப் போனதும் அதை நோட்டில் எழுதி வைப்பாள். நாற்பத்தாறு வயதில் படிக்க ஒரு பாடம் கிடைத்திருந்தது. படித்ததைச் சொல்லிக் காட்டத்தான் வீட்டில் ஆளில்லை.

'ஃபால்தா' என்ற சொல்லை அவள் கற்றது மேற்பார்வையாளர் தயவில். அவரும் ஸ்பானியக்காரர். யாராவது வேலைக்கு வராவிட்டால் பதிவேட்டில் பெயருக்கு நேரே அந்தச் சொல்லை எழுதுவார். பிறகு சாப்பாட்டு அறைத் தொலைக்காட்சியில் பந்தோடு ஓடியவனை ஒருவன் காலை வாரிவிட்டபோது, தோழி அதையும் ஃபால்தா என்றாள். ஒரு நாள் கொண்டுபோய்க் காட்டிய நோட்டில் எழுத்துப்பிழையைச் சுழித்துவிட்டு அதற்கும் அதையே சொன்னாள். வராதது, வாரிவிட்டது, பிழை. உருப்படியாக ஒரு அர்த்தம்கூட இல்லாத சொல் என்று அவள் முடிவு கட்டினாள்.

போன வருஷக் கடைசியில் தோழியின் அம்மா படுத்த படுக்கையானார். தோழி அவசரமாக ஊருக்குக் கிளம்பினாள். அன்று மடிப்பில் நின்ற அவளுக்கோ காலை ஷிஃப்ட். ஒரு மணி நேரம் அனுமதி கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. தோழி பஸ் ஏறும்போது வழியனுப்பப் போகாதது மனத்தில் முள்ளாகத் தைத்தது. தோழியின் இடத்துக்கு ஆள் போடவில்லை. மடிக்கும் இயந்திரம் ஒன்று வந்து இறங்கியது. அது மடித்துத் தள்ளுவதை அடுக்குவது மட்டும்தான் இப்போது வேலை. சில நாள் வாயே திறக்காமல் பொழுது போய்விடும்.

ஒரு மாதம் கழித்துத் தோழியிடமிருந்து நாலே வார்த்தையில் செய்தி வந்தது: 'மே ஆசெஸ் முச்சா ஃபால்தா.' அவள் நோட்டை எடுத்து வைத்துக் கூட்டிப் பார்த்தாள். எனக்கு, செய்கிறாய், நிறைய, ஃபால்தா. போனில் போட்டுப் பார்த்தால், 'நீ எனக்கு நிறையப் பற்றாக்குறை உண்டாக்குகிறாய்' என்று வந்தது. பஸ்ஸடிக்கு வராததைத்தான் சொல்கிறாள் என்று அவளுக்குப் பட்டது. மன்னிப்புக் கேட்க நாலைந்து முறை எழுதி அழித்தாள். எதுவும் போதாது போலிருந்தது. மூன்று வாரம் ஓடிவிட்டது.

அதன்பின் இன்னொரு செய்தி வந்தது. அதிலும் ஃபால்தா இருந்தது. இந்த முறை அவள் நோட்டை எடுக்கவில்லை. அழுக்குத் துணி ஏற்றி வரும் வேன் டிரைவரிடம் போனை நீட்டினாள். அவர் தமிழர், ஸ்பானியர்களோடு எட்டு வருஷம் கப்பலில் சமைத்தவர். படித்துவிட்டு அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

"யாருக்கா இது?"

"கூட வேலை பார்த்தவ. எம்மேல ரொம்பக் கோவமா இருக்கா."

"இதுல கோவம் எங்க இருக்கு? நீ இல்லாதது எனக்குப் பெரிய குறையா இருக்குன்னு எழுதியிருக்காங்க. நாமளும் அப்படித்தானே சொல்றோம்? குறைன்னா தப்பும்தான், இல்லாததும்தான்."

"ரெண்டாவது?"

"'சின் ஃபால்தா' பதில் போடுன்னு இருக்கு. தவறாமன்னு அர்த்தம்."

அவள் பக்கத்திலிருந்த துணிமூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப மூணு வாரமா நான் பதில் போடாம இருந்தது?"

"அதுவும் ஃபால்தாதான்க்கா," என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை எடுத்தார்.

அங்கேயே உட்கார்ந்து, நீயும் எனக்கு அப்படித்தான் என்று தெரிந்த மட்டும் எழுதி அனுப்பினாள். சாயங்காலம் தோழியின் குரல் வந்தது, ஐந்து நிமிஷத்துக்கு. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மூன்று முறை கேட்டதில் பாதி புரிந்தது. அம்மா போய்விட்டார். அங்கேயே ஒரு ரொட்டிக் கடையில் வேலை கிடைத்திருக்கிறது. இனித் திரும்பி வருவதாக இல்லை.

 அவள் போனில் குரல் பதியும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அம்மாவுக்காகத் தெரிந்த ஸ்பானியத்தில் நாலு வார்த்தை சொன்னாள். சரக்கு அத்தோடு தீர்ந்தது. பொத்தானை விடாமல் தமிழிலேயே தொடர்ந்தாள்: மாடி லிஃப்ட் கெட்டுப்போனதை, ஒற்றை ஆளுக்குச் சமைத்தும் மீந்துபோவதை, அன்றைக்குப் பஸ்ஸடிக்கு வந்திருக்க வேண்டும் என்பதை. மூச்சு வாங்க நிறுத்தியபோது, இவ்வளவு பேசி எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னும் கொஞ்சம் பேசினாள்.