வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரி

“உள்ளதச் சொல்லு மக்கா. அந்தப் பிள்ள இடிச்சாளா?”

“இடிச்சாப்பா. கடைசி வளைவுல, முழங்கையால.”

“வேணும்னுட்டா?”

“பின்ன? இல்லேன்னா எனக்கு மெடல் போயிருக்குமா?”

இரண்டு வருடத்துக்கு முன்பு, திருச்சியில் மாநிலப் போட்டி முடிந்து திரும்பிய பஸ்ஸில் அப்பா கேட்டது அவ்வளவுதான். அப்புறம் ஒருநாளும் அவர் அதைத் திருப்பிக் கேட்டதில்லை. மகள் சொன்னால் சொன்னதுதான் அவருக்கு.

முற்றத்துப் பந்தலில் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியின் மேல் படிந்துகொண்டே இருந்த ஈரத்தை ஜினிஷா துணியால் துடைத்தாள். துடைத்தால் அப்பாவின் முகம் தெரியும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மங்கிவிடும். காலையில் ஓடப்போன அதே டிராக் பேண்டில்தான் இன்னும் இருந்தாள். “மாத்திட்டு வா பிள்ளே” என்று இரண்டு தடவை சொன்ன அம்மா லீலாபாய், பிறகு அதையும் விட்டுவிட்டு வீட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

தக்கலையில் தையல் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருந்த யேசுரத்தினம், கடை திறப்பதற்கு முன்னால் தினமும் மகளைச் சானல் கால்வாய்க் கரைக்கு ஓடக் கூட்டிப்போவார். பாலத்தில் ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக நிற்பார். இன்று அவள் திரும்பி வந்தபோது கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நேரம் அதிகமாகிவிட்டது, கோபத்தில் உட்கார்ந்துவிட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். அவரைத் தாண்டிக் கோடு வரைக்கும் ஓடி, குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்:

“புது ஷூ கடிக்குப்பா. அதான் லேட்டு.”

உட்கார்ந்து லேஸை அவிழ்த்தாள்.

“உள்ளதுதாம்பா. குதிகால் பொத்துப்போச்சு, பாருங்க.” ஷூவைக் கழற்றிக் காலைக் காட்டினாள்.

அவர் பார்க்கவில்லை. அவருடைய கைக்குள் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அப்பாவின் விரல்களை விரித்து எடுத்த ஸ்டாப்வாட்ச்சை யாரோ அவளிடம் கொடுத்தார்கள். நிறுத்தாமலே பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

“ஜினி, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லு.”

சபைச் செயலாளர் எபின் செல்போனை நீட்டினார். அடக்க ஆராதனையில் வாசிக்கிற வாழ்க்கைக் குறிப்பு. பிறந்தது, ஞானஸ்நானம், கல்யாணம், கடை, ஞாயிறு பள்ளியில் இருபது வருடம் பாடம் எடுத்தது. கடைசிக்கு முந்தின வரியில் அவள் கண் நின்றது.

‘தன் மகள் மாநிலப் போட்டியில் சக வீராங்கனையின் வஞ்சகத்தால் பதக்கத்தை இழந்தபோதும் கர்த்தருக்குள் மனம் தேறினவர்.’

“அவரு எப்பளும் சொல்லுகதுல்லா,” என்றார் எபின். “ஒரு ஊசி மாத்தப் போனாக்கூட அந்தக் கதையச் சொல்லாம விடமாட்டாரு. சேக்கல்லன்னா அவருக்குக் கொறையா இருக்கும்.”

அவள் செல்போனைத் திருப்பிக் கொடுத்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

இடிக்கவில்லை. யாரும் இடிக்கவில்லை. ஐயாயிரம் மீட்டரில் மூன்றாவதாக வந்துகொண்டிருந்த ஜினிஷா, கடைசி வளைவில் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பார்த்த பக்கம் யாரும் இல்லை. மறுபக்கமாக சபிதா முந்திப் போய்விட்டாள். அரை நொடிகூட இல்லை வித்தியாசம். ஓடி முடித்து, மூச்சு வாங்கியபடி சபிதா நீட்டிய கையை இவள் தொடவில்லை. அன்றைக்கு ஒருநாள் சமாளித்தால் போதுமென்று சொன்ன சாக்கு அது. அப்பா அதை இரண்டு வருடம் சுமந்தார். சபிதா சனிக்கிழமைதோறும் பேச்சிப்பாறையிலிருந்து இவளோடு ஓட வந்துகொண்டிருந்த பெண். அவளுக்கும் சேர்த்து குளுக்கோஸ் கலக்கிக் கொண்டுவந்த மனிதர், “நீ இனி இங்க வராண்டாம்” என்று பாலத்திலிருந்தே அவளைத் திருப்பி அனுப்பினார்.

அவர் அந்தக் கதையை ஆரம்பிக்கிறபோதெல்லாம், இனி அதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுவிட ஜினிஷாவுக்கு நாக்கு நுனிவரைக்கும் வரும். ஏன் என்று கேட்பாரே.

மூன்று மணிக்கு ஆராதனை தொடங்கியது. பாட்டு முடிந்து, போதகர் ஜெபித்து, எபின் மைக்கைத் தட்டிப் பார்த்தபோதுதான் அவள் கவனித்தாள். பந்தலுக்கு வெளியே கேட்டைப் பிடித்துக்கொண்டு சபிதா நின்றாள். மறுகையில் சின்னதாக ஒரு மலர்வளையம். உள்ளே வரலாமா, கூடாதா என்று தெரியாத நிற்பு.

“ஏட்டி, அவளா அது?” பின்னாலிருந்து சித்தியின் குரல். “எந்த மொகத்த வச்சிட்டு வந்திருக்கா, பாத்தியா?”

எபின் வாசிக்கத் தொடங்கினார். ஞானஸ்நானம் போயிற்று. கல்யாணம் போயிற்று. ஞாயிறு பள்ளி வந்தது.

ஜினிஷா பாக்கெட்டிலிருந்து ஸ்டாப்வாட்ச்சை எடுத்தாள். எட்டு மணி, ஐம்பத்தொரு நிமிடம். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. கண்ணாடி மறுபடியும் மங்கியிருந்தது. துணியைத் தேடாமல் உள்ளங்கையாலேயே துடைத்தாள்.

“தன் மகள் மாநிலப் போட்டியில்...”

“அப்பா.”

மைக் இல்லாமலே கேட் வரைக்கும் கேட்டது. எபின் நிறுத்தினார். அம்மா சுவரிலிருந்து திரும்பினாள். ஜினிஷா ஒருவரையும் பார்க்கவில்லை. துடைத்த இடத்தில் தெரிந்த முகத்தை மட்டும் பார்த்தாள்.

“இனி அதச் சொல்லாண்டாம்பா. அவ இடிக்கல்ல.”