பச்சை முட்டை

செங்கோடனுக்கு இடுப்பு கழன்று கையில் வந்துவிடும் போலிருந்தது. விடிகாலையிலேயே கோழிப்பண்ணையில் இரண்டு லாரிக்கு முட்டை அட்டை ஏற்றிவிட்டு, மல்லசமுத்திரத்தில் பஸ் பிடித்து, சேலம் வரை நின்றுகொண்டே வந்திருந்தார். காலுக்கடியில் முப்பது முட்டை கொண்ட தூக்குவாளி. கல்லூரியில் மகள் சரிதாவின் ஆய்வுக்கூடம் மூன்றாவது மாடி. ஒவ்வொரு படிக்கும் ஒரு கெட்ட வார்த்தையை மனசுக்குள் சொல்லிக்கொண்டு ஏறினார்.

"வாங்கப்பா. முட்டை வந்துருச்சா?" சரிதா ஓடிவந்து வாளியை வாங்கினாள். மேசைக்குக் கொண்டுபோய் ஒன்றை எடுத்து கண்ணாடிக் குவளையின் விளிம்பில் தட்டினாள். ஓடு நொறுங்கியதே தவிர ஒன்றும் ஒழுகவில்லை.

"அப்பா! வேக வெச்சிருக்குதுங்க!"

"பின்ன? இத்தன வருசமா வெந்ததுதான தின்னுட்டிருக்கற?"

பண்ணையில் அப்படியொரு சட்டம். கீறல் விட்ட உடைசல் முட்டை வேலைக்காரர்களுக்குத்தான். ஆனால் அதைச் சாக்காக வைத்து நல்ல முட்டையைக் கடைக்குத் தள்ளிவிடக் கூடாது என்று, சூப்பர்வைசர் கண்ணெதிரே அண்டாவில் போட்டு வேக வைத்துத்தான் வெளியே விடுவார். பச்சை முட்டை வீட்டுக்குப் போகும் என்பதே செங்கோடனின் நினைப்பில் இல்லை.

சரிதா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அவளுடைய வழிகாட்டி சித்ரா மேடம் போன வாரமே முடிவாகச் சொல்லியிருந்தார். நாளைக் காலை ஆய்வுக்குழு கூடுவதற்குள் தெளிவாக ஒரு மைக்ராஸ்கோப் படம் வேண்டும். இல்லையென்றால் தலைப்பை மாற்ற வேண்டியதுதான். மாற்றினால் மூன்று வருட வேலை குப்பைக்கு.

"அப்படி என்னத்தக் கண்ணு பாக்கற?" என்றார் செங்கோடன்.

"நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ரெண்டு மீட்டர் டிஎன்ஏ நூல் இருக்குதுங்கப்பா. அதை ஹிஸ்டோன்னு ஒரு புரதத்து மேல சுத்தி மூட்டை கட்டி வெச்சிருக்குது. பயோட்டின்னு ஒரு வைட்டமின் இருக்குதுல்ல, அதை மத்த புரதத்துல ஒட்டற நொதி ஒண்ணு, இந்த ஹிஸ்டோன் கிட்டயும் போய் நிக்குதுங்கறாங்க."

"நின்னு?"

"முன்ன எல்லாம், பயோட்டினை ஹிஸ்டோன் மேலயே முத்திரையாட்டம் குத்துதுன்னு சொன்னாங்க. இப்ப நெறயப் பேரு அதை நம்பறதில்ல. முத்திரை குத்தாட்டியும், அந்த நொதி அங்க நிக்கறதப் பாத்து வேற ஆளுங்க வந்து மூட்டைய இறுக்கிக் கட்டறாங்களாம். இறுக்கிக் கட்டின எடத்துல இருக்கற சேதிய செல்லு படிக்காது."

செங்கோடன் இடுப்பைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். "அட, நம்ம சூப்பர்வைசராட்ட. அந்தாளு கயித்தைத் தொடவே மாட்டாரு. பக்கத்துல வந்து நின்னாப் போதும், நாங்களே வரிஞ்சு கட்டிருவோம்."

"அதேதானுங்கப்பா!" சரிதாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அந்த சூப்பர்வைசரு எங்க நிக்கறாருன்னு கண்டுபிடிக்க அவருமேல ஒரு பயோட்டின் கொடி கட்டறோம். சாயம் ஊத்துனா கொடியப் பிடிச்சுட்டு மின்னும். ஆனா நான் பாக்கறது கோழி ஈரலு. அதுல பயோட்டின் முன்னாலயே கொட்டிக் கெடக்குது. ஈரல் மொத்தமும் மின்னுது. ஆளு எங்கன்னு தெரியல."

"அதுக்கு முட்டை எதுக்கு?"

"பச்சை முட்டை வெள்ளைக்கருவுல அவிடின்னு ஒண்ணு இருக்குது. பயோட்டினைப் பிடிச்சா விடாது. மொதல்ல அதை ஊத்தி ஈரல்ல கெடக்கறதெல்லாம் அமுக்கிட்டு, மிச்ச அவிடினோட வாயை பால் ஊத்தி, பால்ல இருக்கற பயோட்டினால அடைச்சிட்டு, அப்புறம் கொடி கட்டணும். வேக வெச்சா அவிடின் செத்துப்போயிரும்."

செங்கோடன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். வாசல் எதிரே இருந்த கடை பூட்டிக் கிடந்தது. மெயின்ரோடு வரை நடந்தார். ஆறு முட்டை வாங்கி, இரண்டு கையிலும் மூன்று மூன்றாகத் தாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். இருபது வருடத்தில் இத்தனை மெதுவாக அவர் எந்த லோடையும் இறக்கியதில்லை.

ஆனால் ஒரு மணி நேரம் போய்விட்டது. வெள்ளைக்கரு, பால், கொடி, சாயம், ஒவ்வொன்றுக்கும் நடுவே கழுவல் என்று எல்லாம் முடிந்தபோது மணி நாலு. மைக்ராஸ்கோப்பில் சரிதாவுக்கு ஒதுக்கியிருந்த நேரமும் முடிந்திருந்தது. அடுத்தது கூடப் படிக்கும் ஆய்வு மாணவி அஃபீபாவின் முறை. சேலம் டவுனில் ஜவுளிக்கடை வைத்திருப்பவரின் மகள். நான்கு நாள் வளர்த்த செல்களைத் தட்டில் ஏந்திக்கொண்டு வாசலில் நின்றாள். அன்றைக்கே பார்க்காவிட்டால் அவை வீண்.

அவள் சரிதாவின் முகத்தைப் பார்த்தாள். பெஞ்சில் இடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்த செங்கோடனைப் பார்த்தாள்.

"போக்கா, போய் உட்காரு. இதுங்களை மறுபடி வளத்துக்கறேன்" என்றவள், "அங்கிள், பசிக்குது. அந்த வாளிய இப்படித் தள்ளுங்க" என்றாள்.

கொடி கட்டாத சோதனைத் தகடு முதலில் போனது. முழு இருட்டு. "அமுங்கிருச்சு!" என்று உள்ளேயிருந்து சரிதாவின் சத்தம் வந்தது. அடுத்த தகட்டில் ஹிஸ்டோன் சிவப்பு, நொதி பச்சை. இரண்டு படத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தபோது, செல்லின் உட்கருவுக்குள், இரண்டு நிறமும் சேர்ந்த இடமெல்லாம் மஞ்சள் மஞ்சளாகப் புள்ளிகள் பூத்தன.

சித்ரா மேடம் வந்து திரையைப் பார்த்தார். "ரெண்டும் ஒரே எடத்துல இருக்கு. கையைப் பிடிச்சிருக்கான்னு இது சொல்லாது. அதை அடுத்த வருஷம் பாரு. தலைப்பு மாத்த வேண்டாம்."

சரிதா வெளியே ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். "ஐயோ, இடுப்பு சாமி, இடுப்பு!" என்று அவர் கத்தினார். தாழ்வாரத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். மாடி முழுக்கக் கூடி வெந்த முட்டையை உரித்துத் தின்றார்கள். மேடம் எங்கிருந்தோ மிளகுத்தூள் கொண்டுவந்தார்.

"அந்தப் புள்ளையோட நாலு நாள் வேல போச்சேம்மா" என்றார் செங்கோடன், கிளம்பும்போது.

"நாளையிலிருந்து நான்தானுங்கப்பா அவ செல்லுக்குத் தீனி போடப்போறேன்."

அஃபீபாவுக்குச் சரிதா தரவேண்டிய பாக்கி, நான்கு நாள் வேலை.