கூடு கட்டிக் கொடுத்தவர்

மருமகள் வேலை பார்க்கும் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவ ஆள் தேடினார்கள். வீட்டில் சும்மா கிடப்பதற்கு அது மேல் என்று சேர்ந்தவர்தான் கிழவர். எலியைப் பார்த்து மனுஷனுக்கு வைத்தியம் கண்டுபிடிப்பார்கள் என்பதை மட்டும் அவர் ஒருநாளும் நம்பியதில்லை. படித்தவர்கள் பொழுதைப் போக்க ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

அன்று காலை மருமகள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, கூண்டுகளை மறுபடி பார்த்தாள்.

"நடக்கவே நடக்காது மாமா. கூண்டுல சிவப்புச் சீட்டு ஒட்டின எலிங்களுக்கெல்லாம் கழுத்து ரத்தக்குழாயைக் கம்பிச்சுருள் வெச்சு இறுக்கியிருக்கு. மூளைக்கு ரத்தம் கம்மியாத்தான் போகும். அதுங்களுக்குக் கூடு கட்ட வராது. ஆனா பாருங்க, கிண்ணம் மாதிரி கட்டி வெச்சிருக்கு!"

"அதுங்க எங்க கட்டுச்சு? நான்ல கட்டி விட்டேன்."

மருமகள் சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

"என்னது?"

"காகிதத் துண்டைப் போட்டா மத்ததெல்லாம் ராவோட ராவா கூடு கட்டிடுது. இந்தச் சோம்பேறிக் கழுதைங்க இறைச்சுப் போட்டுட்டு நடுவுல கிடக்குதுங்க. நீ வந்து பார்த்தா என்னையில்ல குறை சொல்லுவே?"

"ஐயோ மாமா! என் உழைப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!"

"ரெண்டு காகிதத்தைச் சுருட்டி வெச்சதுக்கா இந்தக் குதி குதிக்கிறே?"

அவள் சிவப்புச் சீட்டு ஒட்டிய கடைசிக் கூண்டைத் திறந்து, கூட்டைக் கலைத்து, புதுத் துண்டுகளைப் போட்டாள். எலி ஒரு துண்டைக் கவ்வியது. மூலைக்குப் போனது. அங்கேயே நின்றது. கீழே வைக்கவும் இல்லை, விரிக்கவும் இல்லை.

"இது சோம்பேறித்தனமா மாமா? ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்கு ரசாயனத்தாலதான் சேதி அனுப்பும். ரத்தம் குறைஞ்சா அந்தச் சேதி ஒழுங்காப் போய்ச் சேராது. வாயில காகிதம் இருக்கு. அடுத்து என்ன செய்யணும்னு அதுக்குத் தெரியலை."

கிழவர் கூண்டருகே குனிந்து எலியைப் பார்த்தார். நேற்றும் அவர் மனைவி படுக்கை விரிப்பின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டிலருகே இப்படித்தான் நின்றாள். 'என் உயிரை எடுக்கன்னே நிக்கிறா' என்று பிடுங்கி அவரே விரித்தார். கொஞ்ச நாளாகவே அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வேண்டுமென்றே வீம்பு பண்ணுகிறாள் என்றல்லவா நினைத்தார்!

"ஏம்மா... உன் அத்தையும் இப்படித்தான்..."

"அத்தைக்கென்ன? துணி மடிச்சு, படுக்கை போட்டு, வீட்டைப் பளிச்சுனு வெச்சிருக்காங்களே?"

"அதையும் நான்தாம்மா செய்யறேன். நீ வீட்டுக்கு வர்றதுக்குள்ள."

எலி இன்னும் காகிதத்தோடு நின்றது. மருமகள் அதைப் பார்த்தாள், மாமனாரைப் பார்த்தாள்.

"வண்டியை எடுக்கிறேன் மாமா. அத்தையைக் கூட்டிக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குத்தான்."

ஆஸ்பத்திரி என்றாலே ஏசுகிற மனிதர், ஈரக் கையுறையைக்கூடக் கழற்றாமல் அவளை முந்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.