நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம்

கால்பந்து ஆடிய காலத்தில் பார்த்தசாரதி நடுக்கோட்டைத் தாண்டித் தன் அணியின் பக்கம் வந்ததே இல்லை என்று கல்கத்தா மைதானத்தில் இன்றும் சொல்வார்கள். அதில் கொஞ்சம் மிகை உண்டு. தண்ணீர் குடிக்க வந்திருக்கிறார், இடைவேளைக்கு வந்திருக்கிறார். எதிரணி கோலடிக்கப் பாய்ந்து வரும்போது மட்டும் வந்ததில்லை. அந்த நேரங்களில் எதிர்க்கோடியில் இடுப்பில் கைவைத்து நின்றபடி, பந்து தனக்கு எப்போது வரும் என்று கத்திக்கொண்டிருப்பார். வந்தால் கோல் விழுந்தது. அதனால் யாரும் எதுவும் சொல்லவில்லை.

லேக் கார்டன்ஸில் வளர்ந்தவர். அப்பா துறைமுகத்தில் அதிகாரி. வங்காளிகள் 'பார்த்தோதா' என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டுத் தங்கள் ஆளாக்கிக்கொண்டார்கள். தமிழ் உறவுக்காரர்கள்தான் ஒவ்வொரு கல்யாணத்திலும், "அதெல்லாம் சரி, உத்தியோகம் என்ன?" என்று விசாரித்தார்கள்.

முழங்கால் போய் ஆட்டம் நின்ற பிறகு அந்தக் கேள்வியை அவரே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. பயிற்சியாளர் தேர்வுகளை எழுதிவிட்டுக் காத்திருந்தார். கடைசியில், நொடித்துப்போயிருந்த தக்ஷிண சங்கம் என்ற கிளப் அவரை மேனேஜராக்கியது. செயலாளர் சைதன்ய பாபு பத்திரிகைக்காரர்கள் முன்னால் மாலை போட்டு, "இனிமேல் எங்கள் சங்கத்தில் கோல் மழைதான்!" என்றார்.

மழை பெய்தது. பெய்தது தக்ஷிண சங்கத்தின் கோலில். முதல் ஆட்டங்களில் எல்லோரையும் முன்னால் அனுப்பினார் பார்த்தசாரதி. எல்லோரும் போனார்கள், யாரும் திரும்பவில்லை. ஓரக்கோட்டில் நின்று தன் அணியின் கோலை அப்போதுதான் அவர் ஒழுங்காகப் பார்த்தார். கல்யாண மண்டப வாசல் மாதிரி அகலமாக இருந்தது. இத்தனை காலம் இது தன் முதுகுக்குப் பின்னால் இப்படியா திறந்து கிடந்தது என்று வியந்தார்.

அடுத்த வாரமே ஆட்டத்தை மாற்றினார். ஒன்பது பேர் பின்னால். முன்னால் ஒரே ஒருவன், அக்ஷய். ராணுவக் குடியிருப்பில் வளர்ந்த தமிழ்ப் பையன், வங்காளம்தான் அவனுக்குச் சரளம். காலில் பந்து ஒட்டிக்கொள்ளும். நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் வரமாட்டான்.

ஜாதவ்பூரில் பயிற்சியின்போது பார்த்தசாரதி அவனைத் தனியே அழைத்தார். "அவா பந்தை எடுத்துண்டு வரச்சே நீயும் கூட ஓடி வரணும்."

"நான் ஸ்ட்ரைக்கர், பார்த்தோதா. பின்னாடி வந்து என்ன பண்றது?"

"சொன்னதைப் பண்றது."

"நீங்க ஆடறப்போ ஓடினீங்களா?"

"இல்லை."

"அப்படித்தானே இவ்ளோ பேர் வாங்கினீங்க?"

பார்த்தசாரதி அவனை மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னார்.

கோலடிக்காமல், வாங்காமல் ஆட்டங்கள் நகர்ந்தன. கடைசி ஆட்டத்தில் டிரா செய்தால் லீக்கில் அதே பிரிவிலேயே தங்கலாம், தோற்றால் கீழ்ப் பிரிவுக்குப் போகவேண்டும். அன்று நல்ல மழை. இரண்டாம் பாதியில் எதிரணி அலை அலையாக வந்தது. அக்ஷய் மட்டும் எதிர்க்கோடியில் இடுப்பில் கைவைத்து நின்றான். பார்த்தசாரதி அவனை வெளியே இழுத்துவிட்டு இன்னொரு தடுப்பாட்டக்காரனை இறக்கினார். அக்ஷய் சட்டையைக் கழற்றி அவர் காலடிச் சேற்றில் எறிந்தான். கூட்டம் வங்காளத்தில் அவரைக் 'கோழை' என்றது. ஆட்டம் கோலில்லாமல் முடிந்தது. சங்கம் பிழைத்தது.

சைதன்ய பாபு சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு வீட்டுக்கு வந்தார். "சங்கத்தைக் காப்பாற்றிவிட்டீர்கள், பார்த்தோ. மறக்கமாட்டோம். ஆனால் பார்க்க முடியவில்லை. உறுப்பினர்கள் அடித்து ஆடுகிற கோச் கேட்கிறார்கள். உங்களை மாதிரி ஒருவர்."

"நான்தான் இருக்கேனே!"

"இல்லை, நீங்கள் ஆடியபோது இருந்த மாதிரி ஒருவர்."

சந்தேஷ் நன்றாகத்தான் இருந்தது. வேலைதான் இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெரிய கிளப்பிலிருந்து அழைப்பு வந்தது. தடுப்பாட்டத்துக்கு மட்டும் தனிப் பயிற்சியாளர் வேண்டுமாம். அவரை விட்டால் ஆளில்லை என்றார்கள். பாலிகஞ்ச் பள்ளியில் கணக்கு சொல்லித்தரும் மனைவி மாதங்கி கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"டிஃபென்ஸா? நீங்களா? ஆத்துல ஒரு சண்டையிலயாவது பின்வாங்கியிருக்கேளா?"

மானம் போனதாக நினைத்துக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தார். ஆனால் வேலை பிடித்துப்போனது. ஸ்ட்ரைக்கர் எப்போது களைத்த மாதிரி நடிப்பான், கண்ணுக்கு எட்டாமல் யார் தோளுக்குப் பின்னால் ஒளிவான், ஓடுவதற்கு முன் கோடு பார்க்கும் நடுவரை எப்படி ஓரக்கண்ணால் பார்ப்பான், எல்லாம் அவருக்கு அத்துப்படி. முன்பு தானே செய்த தில்லுமுல்லுகளை நான்கு முரட்டு ஆட்களுக்கு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்தார். துர்கா பூஜை விடுமுறைக்குள் பத்திரிகைகள் அவரை 'மைதானத்தின் மதில்' என்று எழுதின. அவர் கோலடித்த காலத்தில்கூட அவருக்கு இப்படியொரு பட்டம் கிடைத்ததில்லை.

அந்தக் குளிர்காலத்தில் தக்ஷிண சங்கத்தோடு ஆட்டம் வந்தது. எதிரே அக்ஷய். அவனைப் பந்தை மோப்பம் பிடிக்கக்கூட விடவில்லை இவருடைய ஆட்கள். இரண்டு கோல் முன்னிலை. முடியப்போகும் நேரத்தில் அக்ஷய்க்கு ஒரேயொரு பந்து கிடைத்தது. ஒருவனைத் தோளால் ஏமாற்றினான், இன்னொருவனின் கால்களுக்கு நடுவே தட்டினான், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கோல்கீப்பரின் தலைக்கு மேலாக இறகு மாதிரி இறக்கினான்.

எழுந்து நின்று கைதட்டும் சத்தம் கேட்டது. அது தன் கைகள்தான் என்று பார்த்தசாரதிக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சார் இது?" என்றார் தலைமைப் பயிற்சியாளர் ஸ்ரீநாத்.

"கொசு," என்றார் பார்த்தசாரதி. உடனே மைதானத்தைப் பார்த்து, "அவனை எவன்டா விட்டது?" என்று தொண்டை கிழியக் கத்தினார். ஆனால் முகம் ஒத்துழைக்கவில்லை. அது இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.

ஆட்டத்தில் அவர் கிளப்தான் ஜெயித்தது. வேலைக்கும் ஆபத்தில்லை. வீட்டில் மாதங்கி கதவைத் திறந்ததுமே, "டிவியில காட்டினா," என்றாள்.

"கொசு அடிச்சேன்."

"நின்னுண்டா?"

அடுத்த ஆட்டத்துக்குப் போனபோது பெஞ்சுக்கு அடியில், அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில், ஒரு கொசுவத்திச் சுருள் புகைந்துகொண்டிருந்தது. பார்த்தசாரதி அதைக் குனிந்து பார்த்தார். கால்களைத் தள்ளி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.