உறவு அறுந்த காரணம்

பாய்லர் செத்து ஒன்பது நாளாகியிருந்தது. பார்க்க வந்த மெக்கானிக்கும் அந்த வார்த்தையைத்தான் சொன்னான். பதினெட்டு வருஷத்துப் பழசு, இதற்கு உதிரிபாகம் செய்த கம்பெனியே இப்போது இல்லை, புதிசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். சொல்கிறவனுக்கு என்ன, வாயா வலிக்கப்போகிறது? தோ மால்-சுன் பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவள். இன்னும் பத்து நாளில் குளிர்கால விடுமுறை. விடுமுறையில் கழுவப் பாத்திரமும் கிடையாது, கையில் சம்பளமும் கிடையாது.

ஜெச்சொன் ஊர்க் குளிர் விளையாட்டுக் குளிர் அல்ல. தரைக்கு அடியில் இருக்கும் குழாயில் பாய்லரின் வெந்நீர் ஓடினால்தான் அங்கே வீடு வீடாக இருக்கும். ஓடாவிட்டால் அது கூரை போட்ட தெரு. மால்-சுன் வீட்டுக்குள் மூன்று ஜோடிக் காலுறையும் வெளியே போகிற கோட்டும் போட்டுக்கொண்டு நடமாடினாள். சமையலறைக் குழாய் முந்தாநாளே உறைந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் நுரையீரலில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இன்னொரு தடவை இப்படி வந்தால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் கையை விரித்திருந்தார். இப்போது நான்கு நாளாக அதே இருமல்.

வார்டுத் தலைவி யோன்-சிம்தான் வழி சொன்னாள். வசதியில்லாதவர்களின் பழைய பாய்லரை அரசாங்கச் செலவில் மாற்றித் தருகிறார்கள். இந்த வார்டுக்கு நான்கு வந்தது, மூன்று போய்விட்டது, வெள்ளிக்கிழமையோடு பட்டியலை மூடுகிறார்கள். எல்லாத் தகுதியும் மால்-சுன்னுக்கு இருந்தது, ஒன்றைத் தவிர. அவளுக்கு மாதச் சம்பளம் வாங்குகிற ஒரு மகன் இருந்தான்.

"மகன் சம்பாதிச்சா மகன்தான் பாத்துக்கணுமாம். சட்டம் அப்படி இருக்குக்கா," என்றாள் யோன்-சிம். "ஆனா மகன்கூடப் பேச்சுவார்த்தையே இல்லன்னு எழுதிக் கொடுத்தா விட்டுடுவாங்க. இந்தாங்க தாள்."

தாளின் தலையில் 'உறவு அறுந்த காரணம்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. கீழே எட்டு வெற்று வரிகள், கடைசியில் கையெழுத்துக்குப் பதிலாக முத்திரை வைக்க ஒரு வட்டம்.

"எங்களுக்குள்ள என்ன அறுந்துச்சு? ஒண்ணும் அறுந்துபோகலையே!"

"பாய்லருக்காக ஒரு மாசம் அறுத்துக்கோங்க. வசந்தம் வந்ததும் ஒட்டிக்கலாம். இந்த மலைச்சரிவுல பாதி வீடு இப்படித்தான் வெந்நீர்ல குளிக்குது, உங்களுக்கு மட்டும் என்ன கௌரவம் கொட்டிக்கிடக்கு?"

மகன் சங்-உக் தெற்கே சாங்வொன்னில், இயந்திர பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஃபோனில் இரண்டு நிமிஷம் பேசுவான். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், உடம்பு எப்படி, இருக்கு. அவனிடம் பாய்லரைப் பற்றி மால்-சுன் வாயே திறக்கவில்லை. அடுக்குமாடி வீடு வாங்கி மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிற பிள்ளை, எதற்குப் பாரம் ஏற்ற வேண்டும் என்பது அவள் எண்ணம். பொய் சொல்லவைக்கத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

"பாய்லர் செத்துடுச்சு, அரசாங்கத்துல புதுசு தர்றாங்க. ஆபீஸ்லேருந்து கூப்பிடுவாங்கடா. அஞ்சு வருஷமா எங்களுக்குள்ள பேச்சே இல்லன்னு சொல்லிடு."

"சரி."

"குடுக்கல் வாங்கல் எதுவுமே கிடையாதுன்னும் சொல்லணும். மறந்துடாதே."

"சரின்னு சொல்லிட்டேன்ல."

ஏம்மா என்னிடம் கேட்டிருக்கலாமே என்று அவன் சொல்லுவான், தான் சமாதானம் செய்ய வேண்டியிருக்கும் என்று பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தாள். அதற்குத் தேவையே ஏற்படவில்லை. பின்னால் இயந்திரச் சத்தம் பலமாக இருந்தது, அதனால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு அதிகாரி வருவதாக ஏற்பாடு. யோன்-சிம் அரை மணி முன்னதாகவே வந்து வீட்டைச் சல்லடை போட்டுச் சலித்தாள். மகனின் கல்யாணப் படத்தைக் கழற்றி அலமாரிக்குள் தள்ளினாள். வெறும் ஆணி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. அதன் மேல் அரிசிக்கடை நாட்காட்டியை மாட்டினாள். அவன் விட்டுப்போன செருப்பு, அவன் வாங்கித் தந்த வெந்நீர்க் கெட்டில், எல்லாம் மூட்டையாகி அவள் வீட்டுக்குப் போயிற்று. "வேற எதாச்சும் இருக்காக்கா? நல்லா யோசிங்க," என்று மூன்று தடவை கேட்டாள். மால்-சுன் நன்றாகத்தான் யோசித்தாள்.

பின்கட்டில் இருந்த பெட்டி மட்டும் அவள் நினைவுக்கு வரவே இல்லை. வருஷா வருஷம் முட்டைக்கோஸ் உப்பில் ஊறப்போடும்போதே அவனுக்கு எட்டுக் கோஸ் தனியாகப் போய்விடும். பச்சைச் சிப்பி போட்டால் சின்ன வயசில் நின்றபடியே பாதித் தட்டைக் காலி செய்வான் என்று, சிப்பி வாங்கவே பஸ் ஏறிப் போய்வருவாள். இந்த வருஷம் கட்டி முடித்து, மேலே பேரும் விலாசமும் எழுதி, தபாலுக்குக் கொண்டுபோக இருந்த அன்றைக்குத்தான் பாய்லர் செத்தது. மறைக்க வேண்டிய பொருள் என்றால் அவளுக்குப் படம், செருப்பு, கெட்டில். மகனுக்கு அனுப்புகிற கிம்ச்சி, அந்தக் கோஸ் ஊறுகாய், ஒரு பொருள் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை.

அதிகாரி மின்-ஹாவுக்கு முப்பது வயசுகூட இருக்காது. மூக்கு சிவந்து, தோளில் பெரிய பையோடு வந்தாள். உள்ளே வந்து காலணியைக் கழற்றித் தரையில் கால் வைத்ததும் "ஐயோ" என்று குதித்தாள்.

"இதுல எப்படிம்மா இருக்கீங்க?"

"இருக்கேன். வேற எங்க போறது?"

அது நடிப்பில்லை என்பதால் நன்றாகவே வந்தது. யோன்-சிம் மூலையில் உட்கார்ந்து திருப்தியோடு தலையாட்டினாள்.

"பாய்லரை ஒரு படம் எடுத்துக்கறேன். பின்கட்டுலதானே?"

அந்த வார்த்தை காதில் விழுந்த கணத்தில்தான் மால்-சுன்னுக்குப் பெட்டி ஞாபகம் வந்தது. எழுந்து முன்னால் ஓடப் பார்த்தாள். அதற்குள் அதிகாரி பின்கட்டுக்குப் போய்விட்டாள். கேமரா ஒருமுறை சொடுக்கிற்று. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. ஒரு பாய்லரைப் படம் எடுக்க அவ்வளவு நேரம் ஆகாது என்பது மால்-சுன்னுக்குத் தெரியும். யோன்-சிம் கண்ணால் என்ன என்று கேட்டாள். மால்-சுன் இருமினாள்.

மின்-ஹா திரும்பி வந்து சின்ன மேஜைக்கு முன் உட்கார்ந்து தாள்களை அடுக்கினாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும், கெஞ்சவாவது செய்யலாம்.

"அம்மா, மகன் பேரு பொங் சங்-உக்தானே?"

"ஆமா."

"பின்கட்டுல ஒரு பெட்டி இருக்கு. மேல அந்தப் பேரு எழுதியிருக்கு."

யோன்-சிம்மின் வாய் திறந்தபடி நின்றது. எதைச் சொன்னாலும் உளறலாகும் என்று தெரிந்தும் மால்-சுன் உளறினாள். "அது... சும்மா. பழக்கதோஷம்."

"விதிப்படி நான் மகன்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டாகணும். வெளியில போய்த்தான் பேசணும்." மின்-ஹா ஜன்னலைப் பார்த்தாள். வெளியே மைனஸ் பதினாலு. "சரி, இங்கயே பேசறேன். நீங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு சத்தம் வந்தாலும் ஃபைலை மூடிட்டுப் போயிட்டே இருப்பேன்."

எழுதக் கை வேண்டும் என்பதால் ஃபோனை ஒலிபெருக்கியில் போட்டு மேஜைமேல் வைத்தாள். மணி அடித்தது. எடுக்காமல் இருக்கட்டும் என்று மால்-சுன் வேண்டிக்கொண்டாள். உடனே எடுத்துத் தொலைக்கட்டும் என்றும் வேண்டிக்கொண்டாள்.

"சொல்லுங்க."

"ஜெச்சொன் வார்டு அலுவலகத்துலேருந்து பேசறேன் சார். தோ மால்-சுன் உங்க அம்மாதானே?"

"பெத்தவங்க."

"தொடர்புல இருக்கீங்களா?"

"இல்ல. அஞ்சு வருஷமாச்சு."

"பண உதவி, பொருள் உதவி ஏதாவது?"

"எதுவும் கிடையாது."

கணீரென்று சொன்னான். சொல்லிக்கொடுத்ததில் ஒரு எழுத்து பிசகவில்லை. ஆனால் மின்-ஹா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"சார், இங்க வீட்ல ஒரு பெட்டியைப் பாத்தேன். கிம்ச்சி. மேல உங்க பேரும் விலாசமும் இருக்கு."

அந்தப் பக்கம் சத்தம் நின்றது. மால்-சுன் கோட்டின் நுனியைக் கசக்கிப் பிடித்தாள். இதற்கு அவள் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. இதோ போயிற்று பாய்லர். விடுமுறை முழுக்க இந்தத் தரை. கழிப்பறைக் குழாயும் நாளை உறையும். வந்த இருமலை விழுங்கினாள். அது நெஞ்சுக்குள்ளேயே வெடித்துக் கண்ணில் நீராக வந்தது.

"அதுவா," என்றான் சங்-உக். "அது வருஷா வருஷம் வரும். நான் கேட்டு வர்றதில்ல. எங்க வீட்ல சிப்பி நாத்தம் யாருக்கும் ஆகாது. பெட்டியைப் பிரிக்கறதுகூட இல்ல மேடம். வந்த கையோட கீழ காவலாளி ரூம்ல குடுத்துடுவேன்."

"வேண்டாம்னு நீங்க சொன்னதில்லையா?"

"அதைச் சொல்லணும்னா பேசணுமே."

மின்-ஹா மறுபடி பேனாவை எடுத்தாள். பிறகு நன்றி சொல்லி ஃபோனை அணைத்தாள்.

மால்-சுன்னுக்கு முதலில் வந்தது பெருமைதான். அடேயப்பா, என்ன மூளை என் பிள்ளைக்கு! கண் இமைக்கிற நேரத்தில் எப்படிக் கட்டினான் கதையை! யோன்-சிம்கூட மேஜைக்கடியில் அவள் தொடையைக் கிள்ளினாள். மின்-ஹா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்து, விதிப்படி உரக்கப் படித்துக் காட்டினாள்.

"தாய் தரப்பிலிருந்து ஒருதலையாகப் பொருள் அனுப்பப்படுகிறது. மகன் அதை ஏற்பதில்லை. உறவு நடைமுறையில் அறுந்துவிட்டது. சரிதானேம்மா?"

ஒருதலையாக. அந்தச் சொல் எங்கேயோ போய்ச் சிக்கிக்கொண்டது. போன வருஷம் பெட்டி போய்ச் சேர்ந்ததும் சங்-உக் என்ன சொன்னான்? வந்துச்சு என்றான். அதற்கு முந்தின வருஷம்? வந்துச்சு. உப்பு கூடவா குறைவா, சிப்பி புதுசா இருந்ததா, ஒரு வார்த்தை? அவள் கேட்டபோதெல்லாம் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. சேச்சே, அவன் நடித்தான், நடிக்கச் சொன்னதே நான்தானே என்று மனசை அதட்டினாள். மனசு அடங்கவில்லை.

"அம்மா? சரிதானே?"

"ஆமா," என்றாள் மால்-சுன். "சரிதான்."

முத்திரைக் கட்டையைச் சிவப்பு மையில் ஒற்றி, வட்டத்துக்குள் வைத்து அழுத்தினாள். மின்-ஹா தாளை ஊதிக் காயவைத்துப் பைக்குள் வைத்தாள். சனிக்கிழமை ஆள் வந்து புது பாய்லர் மாட்டிவிடுவான், அதுவரை அலுவலகத்திலிருந்து ஒரு மின் அடுப்பு அனுப்புகிறேன் என்றாள். வாசலில் காலணியை மாட்டிக்கொண்டே, "உடம்பைப் பாத்துக்கோங்கம்மா," என்றாள். நல்ல பெண். யோன்-சிம் அவளை வழியனுப்பப் பின்னாலேயே போனாள்.

கால் மணி நேரத்தில் ஃபோன் அடித்தது.

"அம்மா, என்னாச்சு? கெடச்சுதா?"

"கெடச்சிடுச்சுடா. சனிக்கிழமை மாட்டறாங்க."

"அப்பாடா. பெட்டின்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. வாயில வந்ததை அடிச்சு விட்டேன். நீ அதையெல்லாம் மனசுல வச்சுக்காத, என்ன?"

"ஏன் வச்சுக்கப்போறேன்? நல்லாச் சொன்ன. அந்தப் பொண்ணு வாயடைச்சுப் போச்சு."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அத்தோடு வைத்திருக்கலாம். வைத்திருந்தால் மகன் மகனாகவே இருந்திருப்பான். ஆனால் பெற்றவள் வாய் சும்மா இருக்குமா?

"அந்தக் காவலாளி எந்த ஊருக்காரரு?" என்று சாதாரணமாகக் கேட்டாள்.

"யாரு, பியொன் ஐயாவா? தொங்யொங். கடக்கரை ஆளு. உன் சிப்பிக் கிம்ச்சின்னா மனுஷனுக்கு உயிரு. இந்த வருஷம் இன்னும் வரலையான்னு போன வாரமே கேட்..."

நிறுத்திவிட்டான். பின்னால் இயந்திரச் சத்தம் எதுவும் இல்லை. அவன் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

"அம்மா, அது வந்து..."

"இருடா, பேனா எடுத்துக்கறேன்," என்றாள் மால்-சுன். தரையின் குளிர் மூன்று காலுறையையும் தாண்டி முட்டிவரை ஏறியிருந்தது. "அவரு முழுப் பேரு என்ன? பெட்டி மேல எழுதணும்."